நெடுந்தீவில் தங்க இடம் தருகிறோம் என்று முழுக்காசும் முன்னுக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள்

38,000 ரூபாய். இந்தக் கிழமைதான் போனது. கோபம் இன்னும் அடங்கவில்லை. பள்ளி விடுமுறைக்குள் இன்னும் எத்தனை குடும்பம் அந்த ஆளிடம் காசு போடப் போகிறதோ!

அம்மா யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான நெடுந்தீவில் பிறந்தவர். முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) மதில்களும் பெருக்கு மரமும் கரையில் காயும் வலைகளும் உள்ள அந்த அமைதியில் ஓர் இரவாவது தங்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. தங்குமிடம் பதிவு செய்யும் ஓர் இணையத்தளத்தில் மீனவர் வீடொன்றின் படங்கள் இருந்தன. தனிப்படகு, மீன் சாப்பாடு, தீவைச் சுற்ற வாகனம், இரவுத் தங்கல், எல்லாம் சேர்த்து 38,000.

தொலைபேசியில் கதைத்த குரல் அவ்வளவு பணிவு. "அம்மாவுக்கு முழங்கால் நோவோ? கதிரை போட்டு ஏத்திவிடுவம் அக்கா, யோசிக்காதேங்கோ. நானும் தீவான்தான்." அம்மா போனை வாங்கித் தன் வட்டாரத்தைச் சொன்னார். "ஓம் அம்மா, உங்கட வீட்டடி எனக்குத் தெரியும்" என்றான். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அன்று மாலையே காசைப் போட்டேன். எழுபது வயது தாயிடம் அப்படிச் சொல்லிக் காசு பறிக்க ஒருவனுக்கு எப்படி மனம் வந்தது?

பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் படகுத்துறைக்குப் போனால் படகும் இல்லை, ஆளும் இல்லை. எடுத்துக் கேட்டால், "கச்சான் காத்து அடிக்குது, கடல் குழப்பம், வெளிக்கிடேலாது." எங்கள் கண் முன்னால் பொதுப் படகு அரிசி மூட்டையும் சனமுமாகப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்தது! அதிலேயே ஏறினோம். ஒரு மணித்தியாலம் அம்மா மூட்டை மேல் இருந்து வந்தார்.

படத்தில் இருந்த வீட்டைத் தேடிப் பிடித்தோம். அந்த அக்காவுக்கு ஒன்றுமே தெரியாது. "இதுக்கு முந்தியும் ஆக்கள் வந்து கேட்டவை" என்று கலங்கிப்போனார். தேத்தண்ணி தந்து, இருந்த மீனைச் சமைத்துப் போட்டார், காசு வாங்கவே இல்லை. தயவுசெய்து தீவுச் சனத்தைக் குறை சொல்லாதீர்கள்.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. "நாளைக்குப் போட்டுவிடுறம்." "கணக்குப் பாக்கிறவர் லீவு." கடைசியில், "நீங்கள் வராமல் விட்டதுக்கு நாங்கள் பொறுப்பில்லை"! தளத்துக்கு எழுதினால், தனியார் கணக்குக்குப் போட்ட காசு தங்களைச் சேராதாம். அந்தக் கணக்கு இலக்கமே அவர்களுடைய தளத்துச் செய்தியில்தானே வந்தது! 38,000 ரூபாய்க்கு யாருமே பொறுப்பில்லை.

போகிறவர்கள் பொதுப் படகில் போங்கள். திரும்பும் நேரத்தைத் துறையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டோ தீவில் இறங்கிய இடத்திலேயே பிடிக்கலாம். ஆளையும் இடத்தையும் பார்க்காமல் ஒரு சதமும் போடாதீர்கள். பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் வங்கிச் சிட்டையோடு நீங்களும் போய்ப் பதியுங்கள்.