எல்லார் முன்னும் ஏசுவதா, தனியே கூப்பிட்டுச் சொல்வதா?

கொழும்பு புறக்கோட்டை கெய்சர் வீதியில் ஒரு மொத்தத் துணிக்கடை. மலையகத்திலிருந்து வேலைக்கு வந்த தம்பி, பில்லில் ஒரு கட்டுத் துணியைச் சேர்க்காமல் விட்டுவிட்டான் என்று வையுங்கள்.

வாடிக்கையாளர் முன்னாலேயே முதலாளி ஏசலாம். வேகமான வழிதான், மற்றவர்களும் உஷாராகிவிடுவார்கள். ஆனால் அடுத்த பிழையை அவன் மறைப்பான். கையிருப்பு எண்ணும்போதுதான் அது தெரியவரும்.

அப்புறம், தேத்தண்ணி நேரத்தில் தனியே கூப்பிட்டு, "தம்பி, இது எப்படி விடுபட்டது?" என்று கேட்கும் வழி. கொஞ்ச நேரம் போகும், சரி. ஆனால் சிட்டையில் எழுத்து விளங்கவில்லை, இரவு பஸ்ஸில் வந்து தூங்கவில்லை என்று உண்மைக் காரணம் வெளியே வரும். அதைத்தான் திருத்த முடியும்.

ஹார்வர்ட் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நன்றாக இயங்கிய குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அங்கே பயமில்லாமல் பிழையைச் சொல்ல முடிந்ததே காரணம் என்று அவர் விளக்கினார்.

எனக்கு இரண்டாவது வழிதான் சரி. காசைக் கையாடினால் கதை வேறு, அங்கே கண்டிப்பு வேண்டும். அப்போதும் கடை முழுக்கக் கேட்க அவமானப்படுத்தத் தேவையில்லை.