ஸ்லைடையே காட்டிப் புரிய வெச்ச கோயமுத்தூர் பயாப்சி லேப்

எங்கய்யனுக்கு 67 வயசுங்க, சோறு ரெண்டு வாய் உண்டாலே நெஞ்சுக்குழிகிட்ட அமுக்குதுன்னுவாரு. முன்னாடி வேற ஒரு எடத்துல வவுத்துக்குள்ள கொழாய் வுட்டுப் பாக்கற எண்டோஸ்கோப்பி பண்ணி, ரைப்பைல இருந்து பொட்டாட்டம் ஒரே ஒரு சதைத் துண்டு எடுத்து 'கேஸ்ட்ரைடிஸ்'னு, அதாவது ரைப்பை அழற்சின்னு, ஒத்தை வார்த்தை எழுதி அனுப்பிட்டாங்க, வருசம் முச்சூடும் கேஸ் மாத்திரைதான். அப்பறம் ஒறம்பரைல ஒருத்தரு சொல்லித்தான் அவினாசி ரோட்டுப் பக்கம் இருக்கற இங்க வந்தோம். இவங்க 5 துண்டு எடுத்தாங்க, ரைப்பையோட கீழ 2, வளைவுல 1, மேல 2.

ரிப்போர்ட்டுல 'இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா'ன்னு, அதாவது ரைப்பை செல்லு குடல் செல்லு மாதிரி மாறிக்கறதுன்னு, பாத்ததும் எனக்கு கைகாலே ஓடல. பொழுதோட வாங்க, துண்ட மைக்ராஸ்கோப்புல பாத்துச் சொல்ற பேத்தாலஜி டாக்டரம்மாவ பாக்கலாம்னாங்க. அவங்க ஸ்லைடையே டிவில போட்டுக் காட்டுனாங்க. ஓரம் பூரா ரோஸு, நடுவால அங்கங்க நீல மை சொட்டு விட்டாப்ல உருண்டை உருண்டையா. நான் திருப்பூர்ல டையிங்ல இருக்கறவன், காட்டன்ல ஏறுற சாயம் பாலியஸ்டர்ல ஏறாதுல்லைங்க, அதேதான் இதுவும்னு அவங்க சொன்னதும் சட்டுனு புடிபட்டுருச்சு.

வவுத்த ஆசிட்டு அரிக்காம காக்கற கொழகொழப்பு இருக்குதுங்களே, அது மியூசின்னு ஒரு புரோட்டீன், நூலு மாதிரி, அதுல பக்கவாட்டுல பூரா சர்க்கரை சங்கிலி, எடைல பாதிக்கு மேல அந்த சர்க்கரைதானாம். மியூசின்லயே பல வகை இருக்குதுங்க, நல்ல ரைப்பைல மேல மக்-5ஏசிங்கற வகை, அடிச் சுரப்பில மக்-6, அதெல்லாம் ரோஸாத்தான் புடிக்கும். நாள்பட்ட புண்ணுல குடலு மாதிரி செல்லு மொளைச்சுதுன்னா மக்-2 வந்துருது, அதுல சியாலிக் அமிலமும் சல்பேட்டும் எச்சா, அதைத்தான் அல்சியன் ப்ளூ சாயம் புடிக்குது. கேன்சர்ல பல பேருக்கு அந்த சங்கிலி முழுசா வளராம ரெண்டே சர்க்கரையோட நின்னுக்குமாம், சியாலில் டிஎன்னு பேரு, ரத்தத்துல பாக்கற சிஏ 72-4 டெஸ்டு தேடறதே அதைத்தானாம்.

எச் பைலோரி கிருமியும் மியூசின் சர்க்கரையத்தான் புடிச்சு ஒட்டுதாம், 1994லயே உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சிக்காரங்க அதை, கேன்சர் உண்டாக்கறது உறுதிங்கற முதல் வகுப்புல சேத்திருக்காங்க. அய்யனுக்கும் இருந்துச்சு, 14 நாள் மாத்திரை எழுதுனாங்க. "ஐயா, இது கேன்சர் இல்லீங்க, ஆனா அப்படியே வுட்டுப்போடாதீங்க, 3 வருசத்துல மறுக்கா பாத்தாகணும்"னு அந்தம்மா அவரு கையப் புடிச்சு சொன்னாங்க பாருங்க, அன்னைக்கு ராத்திரிதான் மனுசன் நல்லாத் தூங்குனாரு.

கொறைன்னா, ரிப்போர்ட்டுக்கு 6 நாளு ஆச்சு, சாயத்துக்குத் தனிக் காசுன்னு முன்னாடியே சொல்லல, கார் நிறுத்த எடமே இல்ல. அதுக்கு ஒண்ணு கொறைச்சு 5க்கு 4 போடறேன். நாங்க கேக்காமயே அந்தத் துண்டப் பதிச்சு வெச்ச மெழுகுக் கட்டையும் ஸ்லைடையும் டப்பால போட்டு, வேற டாக்டர்கிட்ட போனாலும் இதக் காட்டுங்கன்னு குடுத்து வுட்டாங்க, அய்யன் அதைக் காட்டுப் பத்திரத்தோட பீரோல வெச்சிருக்காரு.