முகாமில் சமையல்: விறகா, கேஸா, கட்டுச்சோறா?

மலையில் ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கப் போகிறீர்கள், அனுமதியும் வாங்கியாயிற்று. அடுத்த கேள்வி சாப்பாடு. நாம் போய்வந்த தடம் அங்கே எவ்வளவு மிஞ்சும் என்பதில் பெரும்பங்கு இந்த அடுப்பு விஷயத்தில்தான் இருக்கிறது.

முதலில் விறகு. குளிருக்கு இதம், சுற்றி உட்கார்ந்து பேச ஒரு வெளிச்சம். அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் "கீழே விழுந்த சுள்ளிதானே" என்று நாம் பொறுக்குவது காட்டுக்குக் குப்பை இல்லை. காளானும் வண்டும் கரையானும் அதை அரித்துத்தான் மண்ணுக்கு உரமாக்குகின்றன. தீ மூட்டிய இடத்தில் மண்ணுக்குள் இருக்கும் விதையும் வேரும் வெந்துபோகும். பழைய முகாம் இடங்களில் பார்த்திருப்பீர்கள்: கரி பிடித்த மூன்று கல், நடுவே சாம்பல், அதில் பாதி எரிந்த சிப்ஸ் பாக்கெட். பிளாஸ்டிக் உருகிப்போக, உள்ளே இருந்த அலுமினியப் பூச்சு மட்டும் பளபளவென்று கிடக்கும்.

கோடையில் விறகுத் தீ என்ற பேச்சே கூடாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ ஏறும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றமும்கூட. மற்ற மாதங்களில், முகாம் நடத்துபவர்களே கட்டிவைத்த அடுப்பு இருந்தால், அதில் மட்டும் சின்னதாக மூட்டலாம். அணைக்கும்போது தண்ணீர் ஊற்றிக் கிளறி, புறங்கையை அருகே வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை.

கேஸ் ஸ்டவ்வில் இந்தத் தொல்லை எல்லாம் பெரும்பாலும் இல்லை. 230 கிராம் கேன் ஒன்று இரண்டு பேருக்கு வார இறுதி முழுக்க வரும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 10 முதல் 15 கிராம் கேஸ் போதும். ஆனால் வாங்கும்போது கேனில் எழுதியிருப்பதைப் படியுங்கள். வெறும் பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் ஆவியாகாமல் படுத்துவிடும், ஊட்டியில் மார்கழி உறைபனியில் கைவிட்டுவிடும். ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்தது தாங்கும். காலி கேனைச் சுமந்து கீழே கொண்டுவருவது உங்கள் பொறுப்பு. ஸ்பிரிட் அடுப்பு மலிவுதான், ஆனால் பகலில் அதன் சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. புல்வெளியில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரே ராத்திரி என்றால் என் ஓட்டு கட்டுச்சோற்றுக்கு. புளியோதரை மறுநாள் வரை தாங்கும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை அன்று ராத்திரிக்கே முடித்துவிடலாம். காலைக்கு அவல், பச்சைத் தண்ணீரில் நனைத்து வெல்லம் போட்டால் போதும். அடுப்பு வேண்டாம், ஓடையில் பாத்திரம் கழுவ வேண்டாம். ஒரே கவனம் மிச்சத்தில். "வாழை இலைதானே, மக்கிவிடும்" என்று போட்டுவிட்டு வராதீர்கள். சோற்று வாசனைக்குக் குரங்கும் பன்றியும் பழகிவிட்டால் அடுத்து வருபவரின் பையைத்தான் இழுக்கும். இலை, ஆரஞ்சுத் தோல், எல்லாம் ஒரு பையில் திரும்பி வரட்டும்.

சூடாக ஏதாவது இல்லாமல் முடியாது என்பவர்கள், அடிவாரக் கடையில் பால் சேர்க்காத சுக்குக்காப்பியை ஒரு லிட்டர் பிளாஸ்கில் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். நல்ல பிளாஸ்க் என்றால் விடியற்காலையிலும் இளஞ்சூடு இருக்கும்.