பாடுபவரின் காதுக்குப் பிந்தாத குரல்: ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறை

வீட்டில் ஓர் அறையை ஒலிப்பதிவுக்கென ஒதுக்கியவர்களை முதலில் வாட்டுவது தெருச் சத்தமோ சுவரின் எதிரொலியோ அல்ல. பாடுகிற குரல் ஹெட்ஃபோனில் சற்றே பின்தங்கிக் கேட்பதுதான். நான் கர்நாடக இசைப் பாடல்களைச் சுருதி, குரல், மிருதங்கம் என ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்பவன். தொடக்கத்தில் மடிக்கணினியின் மைக் துளையிலேயே எல்லாவற்றையும் பதிந்தேன். குரலுக்கு ஏற்ப வாசித்த மிருதங்கம், பதிவைத் திரும்பக் கேட்டபோது ஏறத்தாழ 40 மில்லிநொடி பின்னால் விழுந்திருந்தது. எண்ணாகப் பார்த்தால் அது அற்பமாகத் தோன்றும். ஆனால் நிமிடத்துக்கு 80 அட்சரம் (தாள எண்ணிக்கை) என்ற வேகத்தில் ஓர் அட்சரத்துக்கு 750 மில்லிநொடிதான் கிடைக்கிறது. அதற்குள் எட்டுச் சொற்கள் (மிருதங்க அடிகள்) வாசிக்கப்படும்போது ஒரு சொல்லுக்கு 94 மில்லிநொடிகூட முழுதாக இல்லை. அதில் 40 போய்விட்டால், நன்கு பழகிய கையும் தாளம் தவறியதாகவே கேட்கும். வாசித்தவருக்கு இழைக்கப்பட்ட அநியாயமாகவே அதை நான் உணர்ந்தேன். அதன் பிறகே ஃபோகஸ்ரைட் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறை ஆடியோ இன்டர்ஃபேஸை, அதாவது மைக்கையும் ஹெட்ஃபோனையும் கணினியோடு இணைக்கும் கருவியை, வாங்கினேன்.

தாமதம் எங்கே பிறக்கிறது என்பதை அறிந்தால்தான் இக்கருவியை மதிப்பிட முடியும். கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாகக் கையாளுவதில்லை. பஃபர் என்னும் கலத்தில் குறிப்பிட்ட அளவு சேர்ந்த பிறகே எடுத்து வேலை செய்கிறது. நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் அளவீடு) எடுக்கும்போது 128 சாம்பிள் பஃபர் நிரம்ப 2.7 மில்லிநொடியும், 512 நிரம்ப 10.7 மில்லிநொடியும், 1024 நிரம்ப 21 மில்லிநொடிக்குச் சற்றுக் கூடுதலாகவும் ஆகும். இது ஒரு வழிக் கணக்கு. உள்ளே போகும் வழி, வெளியே வரும் வழி, யூஎஸ்பி வழியாகக் கடத்தும் நேரம், ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் நேரம் எல்லாம் சேரும்போது, 128 என்று வைத்தாலும் என் கணினியில் மொத்தம் 10 மில்லிநொடியை ஒட்டி வருகிறது.

பத்து மில்லிநொடி என்பது ஒலி காற்றில் ஏறக்குறைய 3.4 மீட்டர் கடக்கும் நேரம். மேடையில் அவ்வளவு தூரத்தில் அமர்ந்திருக்கும் பக்கவாத்தியக்காரரோடு எந்தப் பாடகரும் சிரமமின்றிப் பாடிவிடுவார். அப்படியிருக்க, அதே 10 மில்லிநொடி தம் குரலிலேயே நேரும்போது மட்டும் ஏன் அவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. காரணம் இதுதான்: பாடுபவர் தம் குரலை மண்டை எலும்பின் வழியாக உடனுக்குடன் கேட்டுக்கொண்டிருக்கிறார், சற்றுப் பிந்தி ஹெட்ஃபோனில் வரும் அதே குரல் அதனோடு கலந்து, சில சுரங்களை மெலிய வைத்துச் சிலவற்றைத் தூக்கிக் காட்டுகிறது. குரல் குழாய்க்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடுவதால், சுருதி சேர்ந்திருந்தாலும் சேரவில்லையோ என்ற ஐயம் பாடுபவருக்கு எழுகிறது. மூன்று, நான்கு மில்லிநொடித் தாமதமே இதற்குப் போதும். ஆகவே பஃபரைக் குறைத்துக்கொண்டே போவது பாடகருக்கு முழுத் தீர்வு ஆகாது.

இந்தக் கருவியை நான் விரும்புவதற்கு முதன்மையான காரணம் அதன் முகப்பிலுள்ள டைரக்ட் மானிட்டர் பொத்தான். அதை அழுத்தினால் மைக்கின் ஒலி கணினிக்குள் போய்த் திரும்பாமல் கருவிக்குள்ளேயே ஹெட்ஃபோனுக்குச் சென்றுவிடுகிறது. காதால் உணரத்தக்க தாமதம் எதுவும் இல்லை. ஒருமுறை அழுத்தினால் மோனோ, மறுமுறை அழுத்தினால் ஸ்டீரியோ. ஒற்றை மைக்கில் பாடும்போது மோனோவே வேண்டும், இல்லையேல் குரல் ஒரு காதில் மட்டும் கேட்கும். மிருதங்கத்தின் வலந்தலைக்கு (வலப்பக்கம்) ஒன்றும் தொப்பிக்கு (இடப்பக்கம்) ஒன்றுமாக இரண்டு மைக் வைக்கும்போது ஸ்டீரியோ மிக அழகாகப் பொருந்துகிறது. பதிவு செய்யும் மென்பொருளில் அந்த டிராக்கின் (தனிப் பதிவு வரிசையின்) மானிட்டரை அணைத்துவிட வேண்டும். மறந்தால் நேரடிக் குரலும் பிந்திய குரலும் இரட்டையாகக் கேட்கும்.

இவ்வழியில் கேட்கும் குரல் வறண்டிருக்கும். சற்றுக் கார்வை கேட்டால்தான் மனம் விட்டுப் பாட வரும் என்பவர்கள் பலர். அதற்கு நான் கையாளும் முறை, மென்பொருளில் ரிவர்ப் (செயற்கை மண்டப எதிரொலி) மட்டும் முழுமையாக ஒலிக்கும்படியும் மூலக்குரல் அதில் சிறிதும் கலக்காதபடியும் தனியாக அனுப்புவதாகும். அந்த ரிவர்ப் 20 மில்லிநொடி பிந்தி வந்தாலும் குறையில்லை. பெரிய மண்டபத்தின் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் அப்படித்தான் பிந்தி வரும். நேரடிக் குரலுக்கும் பின்னணிக்கும் இடையிலான அளவைச் சரிசெய்யத் தனிக் குமிழ் இதில் இல்லாததால், பின்னணியின் அளவை மென்பொருளிலேயே ஏற்றி இறக்க வேண்டும்.

கீபோர்டு வைத்துக் கணினிக்குள்ளிருக்கும் வீணையையோ பியானோவையோ வாசிப்பவர்களுக்கு டைரக்ட் மானிட்டரால் பயனில்லை, ஏனெனில் அங்கே ஒலி பிறப்பதே கணினிக்குள்தான். அவர்கள் நிறுவனத்தின் சொந்த ஆசியோ டிரைவரை (விண்டோஸில் கருவியையும் மென்பொருளையும் குறைந்த தாமதத்தில் இணைக்கும் நிரலை) தேர்ந்தெடுத்து, பஃபரை 64 அல்லது 128க்குக் கொண்டுவர வேண்டும். என் பழைய மடிக்கணினியில் 64 வைத்தபோது ஒலி வெடித்து வெடித்து வந்தது. விண்டோஸில் எந்த டிரைவர் கணினியைத் தடுத்து நிறுத்துகிறது என்று காட்டும் லேட்டன்சிமான் என்ற மென்பொருளால் சோதித்ததில் வைஃபை டிரைவர் அகப்பட்டது. பதிவின்போது வைஃபையை அணைத்ததும் சரியாயிற்று. முன்கூட்டியே ஒலியைப் பார்த்து வேலை செய்யும் லிமிட்டர் (ஒலி எல்லை மீறாமல் தடுப்பது) போன்ற பிளக்கின்களை, அதாவது மென்பொருளில் சேர்க்கும் துணை நிரல்களை, பதிவு முடியும் வரை அணைத்து வைப்பதும் நல்லது.

பதிந்த டிராக் சரியான இடத்தில் விழுகிறதா என்பது தனிக் கேள்வி. டிரைவர் தன் தாமதத்தை மென்பொருளுக்குச் சொல்ல, ரீப்பர் போன்ற மென்பொருள் அவ்வளவு தூரம் டிராக்கை முன்னிழுத்து வைக்கிறது. அந்தக் கணக்கு மெய்தானா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள்: பின்புற அவுட்புட்டிலிருந்து முன்புற இன்புட்டுக்கு ஒரு கேபிளைச் செருகி, டைரக்ட் மானிட்டரை மறவாமல் அணைத்து, மெட்ரோனோம் ஒலியைப் பதிந்து, இரண்டு அலைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். என்னிடம் இருந்த வேறுபாடு ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. அதையும் அமைப்பில் எண்ணாகக் கொடுத்து நீக்கிவிட்டேன்.

மற்ற சிறப்புகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். மைக் ஒலி தெளிவாக இருக்கிறது, மின்சாரத்தை யூஎஸ்பியிலேயே பெற்றுக்கொள்கிறது, கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பொத்தான் இரண்டு மைக்குக்கும் பொது. ஹெட்ஃபோன் துளை ஒன்றுதான் என்பதால், பாடுபவரும் வாசிப்பவரும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டுமானால் ஒரு சிறிய ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்து வாங்க வேண்டும். ஹெட்ஃபோன் கம்பியுள்ளதாகவே இருக்கட்டும். புளூடூத் ஹெட்ஃபோனின் தாமதம் பெரும்பாலும் 100 மில்லிநொடியைத் தாண்டிவிடும், அதன் முன் இக்கருவியின் டைரக்ட் மானிட்டரும் பயன்படாது. 2023இல் நான்காம் தலைமுறை வந்துவிட்டதால் மூன்றாம் தலைமுறை இப்போது பழைய பொருளாகவும் கிடைக்கிறது. அப்படி வாங்குவோர் விற்பவரின் முன்னிலையிலேயே ஒரு மைக்கைச் செருகி, டைரக்ட் மானிட்டரை மோனோவில் வைத்து, இரு காதிலும் குரல் ஒரே அளவில் கேட்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுக்கவும்.