தினமும் பத்து நிமிடமா, வாரம் ஒரு மாலையா?

குடும்ப ஜெபத்துக்கு நேரம் ஒதுக்க எங்களுக்கு இரண்டு வழி இருந்தது: தினமும் தூங்குமுன் பத்து நிமிடம், அல்லது பிள்ளைகளின் ஒரு வகுப்பை நிறுத்திவிட்டு வாரத்தில் ஒரு மாலை முழுவதும்.

பத்து நிமிடத்துக்கு எதையும் விட வேண்டாம். பைபிள் வாசிக்க மாற்கு சுவிசேஷத்தை எடுத்தால், மொத்தம் 16 அதிகாரம்தான். நாளுக்கு ஒன்றாக 16 நாளில் முடித்துவிடலாம். ஆனால் களைப்பு! ஆமென் சொல்வதற்குள் சின்னவள் என் தோளில் தூங்கியிருப்பாள்.

ஒரு மாலையை விடுவித்த பிறகுதான் கேள்விகள் வந்தன. "நான் கேட்டது இயேசப்பாவுக்குக் கேட்கலையா?" என்றான் பெரியவன். அவசரமில்லாமல் பதில் சொல்லவும், அவனோடு சேர்ந்து ஜெபிக்கவும் அன்று நேரம் இருந்தது. வகுப்பை விட்டது வலித்தது உண்மைதான். பிள்ளை ஆசையாகப் போகும் வகுப்பில் மட்டும் கை வைக்காதீர்கள்.

குழந்தைகள் சிறியவர்கள் என்றால் பத்து நிமிடம் போதும். கேள்வி கேட்கும் வயது வந்துவிட்டால், என் ஓட்டு அந்த மாலைக்குத்தான்.