கண்ணாடிக் கராஜ் கதவுக்கு 9,800 டொலர் கொடுத்து ஏமாந்தேன்: வாங்க நினைப்பவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

இன்று காலை அந்தக் கடையிலிருந்து கடைசி மின்னஞ்சல் வந்தது. மூன்றே வரி. "நீங்கள் தெரிவு செய்த கதவே பொருத்தப்பட்டுள்ளது. உங்கள் முறைப்பாடு உத்தரவாதத்துக்குள் அடங்காது. இத்துடன் இதை முடித்துக்கொள்கிறோம்." என்னிடம் 9,800 டொலர் வாங்கியவர்கள் மூன்று வரியில் முடித்துக்கொண்டுவிட்டார்கள்.

கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தால் பாதியை மென்று விழுங்கிவிடுவேன் என்று தெரியும். அதனால் இப்போதே எழுதுகிறேன். கனடாவில் மார்க்கம், ஸ்காபரோ, ஏஜாக்ஸ் பக்கத்தில் பனி கரைந்ததும் கராஜ் கதவு மாற்றலாம் என்று எண்ணியிருப்பவர்கள் முற்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடையின் பெயரை எழுதவில்லை. வழக்குப் போட இருக்கிறேன், அதனால். கராஜ் கதவு மட்டுமே விற்றுப் பொருத்தும் கடை. தொழிற்சாலைகள் இருக்கும் தெரு ஒன்றில் காட்சியறை வைத்திருக்கிறார்கள். தமிழிலும் விளம்பரம் செய்கிறார்கள்.

எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. இரண்டு கார் நிற்கும் கராஜ். கதவு 16 அடி அகலம், 7 அடி உயரம். ஒரு பாதியில் கார் நிற்கும். மற்றப் பாதியில் மனைவியின் தையல் மெஷின்கள். கல்யாணக் காலத்தில் நள்ளிரவு வரை அங்கே இருந்துதான் ரவிக்கை தைப்பார். கராஜுக்கு நேர்மேலே அம்மாவின் அறை. பழைய கதவு இரும்புத் தகடு. உள்ளே வெள்ளை நுரைப்பலகை அடைத்தது. ஜன்னல் இல்லாததால் பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டும். நான் கடையில் கேட்டது இரண்டே விஷயம்: வெளிச்சம் வர வேண்டும், அம்மாவின் அறை இப்போது இருப்பதைவிடக் குளிரக்கூடாது.

காட்சியறையில் மேசைமேல் ஒரு சூட்டு விளக்கு வைத்திருந்தார்கள். விற்பனை செய்த இளைஞர் முதலில் சாதாரணக் கண்ணாடித் துண்டை அதன் முன் பிடித்தார். "அண்ணை, பின்னால் கையை வையுங்கள்" என்றார். சுட்டது. பிறகு இன்னொரு துண்டு. பத்து எண்ணும் வரை கையை வைத்திருந்தேன், சுடவேயில்லை. "வெயில் காலத்தில் சூடு உள்ளே வராது, குளிர் காலத்தில் வெளியே போகாது" என்றார். கையேட்டைத் திறந்து ஆர்-16 என்ற எண்ணின்மேல் விரலை வைத்துக் காட்டினார். ஆர் எண் என்பது வெப்பத்தைத் தடுக்கும் அளவு, கூடக் கூட நல்லது என்று எனக்குத் தெரியும். வீட்டுச் சுவருக்குள் அடைக்கும் பஞ்சுக்கே ஆர்-20 அளவில்தான் இருக்கும். கண்ணாடிக்கு 16 என்றால் நம்ப முடியவில்லை என்றேன். "தொழில்நுட்பம் முன்னேறிவிட்டது அண்ணை" என்றார்.

அந்த இடத்தில் நான் சந்தேகப்பட்டிருக்கிறேன். அதுதான் இப்போது நெஞ்சை அறுக்கிறது. சந்தேகப்பட்டேன், பிறகு விட்டுவிட்டேன்.

விட்டுவிட வைத்தது அளவெடுக்க அவர் வீட்டுக்கு வந்த நாள். அம்மா தேநீர் கொண்டுவந்து கொடுத்து, "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டார். "கரவெட்டி, அம்மா." எங்கள் அம்மா வதிரி. அடுத்த அரை மணி நேரம் கதவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யார் வீட்டுக்கு யார் பக்கம், எந்தக் கோயில் திருவிழா என்றே போனது. எழும்பும்போது அவர் மேலே போய் அம்மாவின் அறையைப் பார்த்தார். தரையில் கையை வைத்துப் பார்த்தார். "அம்மா, இந்த வருடம் உங்களுக்கு இரண்டாவது போர்வை தேவைப்படாது" என்றார். நான் சமையலறை மேசையிலேயே கையெழுத்துப் போட்டேன். ஒப்பந்தத்தில் "காப்பிடப்பட்ட கண்ணாடிக் கதவு, கறுப்பு அலுமினியச் சட்டம்" என்று ஒரே வரி. ஆர் எண் எங்கும் இல்லை. நான் கேட்கவும் இல்லை. அம்மாவின் அறைத் தரையில் கை வைத்துப் பார்த்த பிள்ளையிடம் எண்ணை எழுதித் தா என்று எப்படிக் கேட்பது என்று நினைத்தேன். அன்று 4,900 டொலர், கதவு பொருத்திய அன்று இன்னொரு 4,900. இரண்டும் வங்கியிலிருந்து நேரடிப் பணமாற்றம்.

ஜூலை முதல் வாரம் கதவு வந்தது. அழகாகத்தான் இருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

இரண்டாவது வாரம் வெயில் ஏறியது. மாலை ஆறு மணிக்கு வெளியே 33 பாகை, கராஜுக்குள் 43. மேற்கு வெயில் கண்ணாடி வழியாக நேரே உள்ளே விழுந்து, தரையையும் காரையும் சூடாக்கி, அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் நின்றது. மனைவி மெஷின்களை வரவேற்பறைக்குத் தூக்கிவந்துவிட்டார். கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். "புதுக் கதவு அண்ணை, கொஞ்ச நாள் போகட்டும்." புதுக் கதவுக்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம்? மறுபடி எடுத்தேன். இந்த முறை வேறொருவர்: "திரைச்சீலை போட்டுப் பாருங்கள்." அது மடிந்து மேலே ஏறி, கூரைக்குக் கீழே போய்ப் படுக்கும் கதவு. அதில் திரைச்சீலையை எங்கே கட்டுவது? கதவு விற்பவர் சொல்கிற பதிலா இது?

ஆகஸ்டுக்குப் பிறகு அந்த இளைஞர் என் அழைப்பை எடுக்கவேயில்லை. "அவர் வேறு பிரிவுக்கு மாறிவிட்டார்" என்றார்கள்.

சரி, கோடை போகட்டும், குளிரிலாவது உதவும் என்று பொறுத்தேன். ஜனவரியில் மைனஸ் 22 வந்த காலை, அலுமினியச் சட்டத்தின் உள்பக்கத்தில், ஆம், உள்பக்கத்தில், வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. வெயில் ஏறியதும் உருகித் தரையில் குளம். அந்தத் தண்ணீர் இரவில் உறைந்து கதவின் அடி ரப்பரைக் கொங்கிறீட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டது. காலையில் பொத்தானை அமுக்கினால் மோட்டார் இழுத்த இழுப்பில் ரப்பர் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்தது. பழுதுபார்க்க வந்தவர் ஐந்து நிமிடம் பார்த்து, "அலுமினியம் என்றால் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு 150 டொலருக்குப் பற்றுச்சீட்டு எழுதினார். அம்மா இப்போது இரண்டு அல்ல, மூன்று போர்வையோடு படுக்கிறார். ஒரு நாள் நான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது, "அந்தப் பிள்ளையைத் திட்டாதே, முதலாளி சொன்னதைத்தானே சொல்லியிருப்பான்" என்றார். எனக்கு அதைக் கேட்டதும் கோபம் இன்னும் கூடியது.

கடைசியில் ஜன்னல் தொழிற்சாலையில் வேலை செய்யும் மச்சான் வந்தார். இருட்டிய பிறகு ஒரு மெழுகுதிரியைக் கண்ணாடிக்கு அருகில் பிடித்துச் சாய்வாகப் பார்க்கச் சொன்னார். நான்கு சுடர்கள் தெரிந்தன. இரண்டு கண்ணாடி, ஆளுக்கு இரண்டு பக்கம், அதனால் நான்கு. அவற்றில் ஒன்றாவது நிறம் மாறித் தெரிந்தால் லோ-ஈ என்னும் கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு இருக்கிறது என்று பொருளாம். நான்கும் ஒரே நிறம். காட்சியறையில் என் கையைச் சுடாமல் காத்தது அந்தப் பூச்சுப் போட்ட துண்டு. என் வீட்டுக்கு வந்தது பூச்சு இல்லாத வெறும் இரட்டைக் கண்ணாடி.

அடுத்து சட்டம். நல்ல கதவில் அலுமினியத்தின் உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் பிரித்து நடுவில் சூடு கடத்தாத ஒரு பிளாஸ்டிக் பட்டை வைப்பார்கள். என் கதவில் அது இல்லை. வெளியிலிருந்து உள்ளே வரை ஒரே அலுமினியம். கண்ணாடியைவிட நூறு மடங்குக்கு மேல் வேகமாக அலுமினியம் சூட்டைக் கடத்தும். பனி ஏன் கண்ணாடியைவிடச் சட்டத்தில் தடித்துப் படிந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

மச்சான் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். பூச்சில்லாத இரட்டைக் கண்ணாடிக்கு ஆர்-2 அளவுதான். பூச்சும், இரு கண்ணாடிகளுக்கு நடுவில் ஆர்கன் வாயுவும் சேர்ந்தால் 4 வரை வரும். வீட்டுக்கு விற்கும் எந்த முழுக் கண்ணாடிக் கராஜ் கதவும் 16-க்குக் கிட்டவும் போகாது. வெளியே மைனஸ் 20, உள்ளே 10 பாகை என்று வைத்தால், ஆர்-16 இருந்திருந்தால் கதவு முழுவதிலும் 110 வாட் அளவு சூடுதான் போகும். ஆர்-2 என்றால் 885. சட்டத்தையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். கோடை மாலையில் அதே கதவு வழியாக வரும் வெயில் சூடு மூன்று கிலோவாட் அளவு. 1,500 வாட் ஹீட்டர் இரண்டை ஜூலை மாதத்தில் கராஜுக்குள் போட்டுவிட்டு என் மனைவியைத் தைக்கச் சொன்னதற்குச் சமம்.

அப்படியானால் அந்த 16 எங்கிருந்து வந்தது? கையேட்டைத் தேடி எடுத்தேன். எண் உண்மைதான். அது பொலியூரித்தேன் நுரை அடைத்த இரும்புக் கதவின் எண். இடது பக்கத்தில் இரும்புக் கதவு, வலது பக்கத்தில் கண்ணாடிக் கதவு, நடுவில் பெரிதாக எண், அடியில் எறும்பு எழுத்தில் இது எந்த மாதிரிக்கு உரியது என்ற குறிப்பு. இரும்புக் கதவுக்கும்கூட அது பலகையின் நடுவில் அளந்த எண்ணாம். ஓரம், இணைப்பு, இடைவெளி எல்லாம் சேர்ந்து பொருத்திய கதவுக்கு அதைவிடக் குறைவாகத்தான் வரும் என்றார் மச்சான். அந்த விரல் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வலது பக்கத்தில்.

கையேட்டோடு நேரே கடைக்குப் போனேன். முகாமையாளர் நாற்காலிகூடக் காட்டவில்லை. "பூச்சு மேலதிகத் தெரிவு, நீங்கள் குறியிடவில்லை" என்றார். காட்சியறையில் காட்டியது அதுதானே என்றேன். "அது மாதிரிக்கு வைத்தது" என்றார். 3,600 டொலர் தந்தால் கண்ணாடிகளை மாற்றித் தருவார்களாம். 9,800 டொலர் கொடுத்தவனிடம் இன்னும் 3,600. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து மேசையில் அதே சூட்டு விளக்கின் முன் இன்னொரு குடும்பம் கையை நீட்டிக்கொண்டிருந்தது. அவர்களிடம் போய்ச் சொல்லாமல் வந்துவிட்டேன். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை அதன் பிரதி கைக்கு வந்த 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யலாம். எனக்கு அது தெரியாது, அந்த நாட்கள் போய்விட்டன. பொய் சொல்லி விற்றிருந்தால் ஒப்பந்தம் செய்த ஓர் ஆண்டுக்குள் எழுத்தில் அறிவித்து விலகவும் அதே சட்டம் இடம் தருகிறது. நான் ஜூன் மாதம் கையெழுத்திட்டேன், இன்னும் நாள் இருக்கிறது. கடிதத்தைப் பதிவுத் தபாலில் இன்றே அனுப்புகிறேன். மறுத்தால் சிறு வழக்கு நீதிமன்றம்.

விவரமாகச் சொல்கிறேன் என்று மேலே எழுதினேன். தபாலகம் மூடுவதற்குள் போக வேண்டும், அதனால் அவசரமாகச் சில. எந்த ஆர் எண்ணைச் சொன்னாலும் அது பலகைக்கா, பொருத்திய முழுக் கதவுக்கா என்று கேட்டு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் எழும்பி வந்துவிடுங்கள். லோ-ஈ பூச்சு, சட்டத்தின் நடுப்பட்டை, இரண்டும் பெயரோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். கராஜுக்கு மேல் படுக்கையறை இருந்தால் முழுக் கண்ணாடி வேண்டாம். நுரை அடைத்த கதவில் மேல் வரிசைக்கு மட்டும் கண்ணாடி போடுங்கள், வெளிச்சத்துக்கு அது போதும். மேற்குப் பார்த்த வீடென்றால் இன்னும் கவனம். மெழுகுதிரிச் சோதனையைப் பொருத்துபவர்கள் நிற்கும்போதே செய்துவிட்டுத்தான் மிச்சப் பணத்தைக் கொடுங்கள். கடனட்டையில் கொடுங்கள், வங்கிப் பணமாற்றத்தில் கொடுக்காதீர்கள். இதே கடையில் இதே விளக்கைக் காட்டி உங்களுக்கும் விற்றிருந்தால், கையேட்டை எறிந்துவிடாமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள்.