சரக்கு கெட்டால் காசு யார் தருவார்? ஷிப்பிங் லைன், ஃபார்வர்டர் பாலிசி, கார்கோ இன்சூரன்ஸ்: ஓர் ஒப்பீடு

திருப்பூரில் ஏற்றிய பின்னலாடை தூத்துக்குடியில் ஃபீடர் கப்பல் ஏறி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, ராட்டர்டாம் போய்ச் சேர்வதற்குள் பலர் கை மாறுகிறது. நடுவில் நனைந்தாலோ எரிந்தாலோ காணாமல் போனாலோ காசு எங்கிருந்து வரும் என்று கேட்டால், "ஷிப்பிங் லைன் கொடுக்கும்" என்பார் ஒருவர். "எங்க ஃபார்வர்டர் இன்சூரன்ஸ் வெச்சிருக்கார்" என்பார் இன்னொருவர் (ஃபார்வர்டர் என்பவர் ஏற்றுமதியாளருக்காகச் சரக்குப் போக்குவரத்தை ஏற்பாடு செய்து தருபவர்). தன் பெயரிலேயே கார்கோ பாலிசி எடுத்து வைத்திருப்பவர் மூன்றாமவர். மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று என்று எண்ணி, எது மலிவோ அதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் நிறைய. உண்மையில் மூன்றும் வேறுவேறு ஆளைக் காப்பாற்ற எழுதப்பட்டவை. ஒரு கன்டெய்னர் போனால் ஒரு சிறிய யூனிட்டே மூடிவிடும் தொழில் இது என்பதால், இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

ஷிப்பிங் லைனின் பொறுப்பு

தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டாம், கப்பல் கட்டணத்தோடு கூடவே வருகிறது. அதனால்தான் பலரும் இதை நம்புகிறார்கள். கடல் சரக்குக்கு உலகின் பெரும்பாலான நாடுகள் ஹேக், ஹேக்-விஸ்பி என்ற சர்வதேச விதிகளை ஒட்டித்தான் நடக்கின்றன. இந்தியாவில் 1925-ஆம் ஆண்டுச் சட்டம் நூறு வருடம் ஓடி, 2025-இல் புதிய சட்டம் வந்தது. பொறுப்பு விதிகளின் சாரம் மாறவில்லை.

ஹேக்-விஸ்பி கணக்குப்படி உச்சவரம்பு பொட்டலம் ஒன்றுக்கு 666.67 எஸ்டிஆர் அல்லது எடையில் கிலோவுக்கு 2 எஸ்டிஆர், எது அதிகமோ அது. எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. சுமார் 1.35 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம்.

600 அட்டைப்பெட்டி, 9,000 கிலோ, 80,000 டாலர் மதிப்புள்ள ஒரு கன்டெய்னர் ஆடை என்று எடுத்துக்கொள்வோம். பில் ஆஃப் லேடிங்கில் (சரக்கை ஏற்றுக்கொண்டதற்கு லைன் தரும் ஆவணம்) "600 அட்டைப்பெட்டி" என்று எழுதியிருந்தால் வரம்பு 4 லட்சம் எஸ்டிஆர். சரக்கின் மதிப்பைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் வரம்பு ஒரு பிரச்சினையே இல்லை. அதே பில்லில் "ஒரு கன்டெய்னர் ஆடைகள்" என்று மட்டும் இருந்தால் அது ஒரே பொட்டலம். அப்போது எடைக்கணக்கு, 18,000 எஸ்டிஆர், அதாவது 24,000 டாலர் சொச்சம். ஒரே வரி மாற்றத்தில் 55,000 டாலருக்கு மேல் போய்விடுகிறது. பில் டிராஃப்ட்டை அவசரத்தில் ஓகே பண்ணும் டாக்குமென்டேஷன் பையனுக்கு இதை யாராவது சொல்லித் தர வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து போகும் இயந்திரம் என்றால் நிலைமை இன்னும் மோசம். 1,500 கிலோவில் ஒரே மரப்பெட்டி, மதிப்பு 60,000 டாலர். ஹேக்-விஸ்பியில் 3,000 எஸ்டிஆர், ஏறத்தாழ 4,000 டாலர்தான் கிடைக்கும். அமெரிக்காவுக்குப் போனால் அந்நாட்டுச் சட்டப்படி பொட்டலத்துக்கு 500 டாலர், அவ்வளவுதான். விமானத்தில் மாண்ட்ரியல் ஒப்பந்த வரம்பு கிலோவுக்கு 26 எஸ்டிஆர். 2024 டிசம்பர் கடைசியில்தான் 22-இலிருந்து உயர்ந்தது. ஆடைக்கு இது பரவாயில்லை, மின்னணுப் பொருளுக்குக் காணாது.

வரம்பைவிடப் பெரிய சிக்கல், லைனுக்கு இருக்கும் விலக்குகள். மாலுமிகள் கப்பலைச் செலுத்துவதில் செய்த தவறுக்கு லைன் பொறுப்பில்லை. தீ விபத்துக்கும், அது லைனின் சொந்தத் தவறால் நேர்ந்தது என்று காட்டினால் ஒழிய, பொறுப்பில்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ல் எரிந்ததே, அதில் 1,486 கன்டெய்னர் இருந்தது. ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்த நைட்ரிக் அமிலக் கன்டெய்னரை இறக்க கத்தாரின் ஹமாத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசீராவிலும் இடம் கிடைக்கவில்லை. கப்பல் ஜூன் 2-ஆம் தேதி மூழ்கியது. இப்படிப்பட்ட விபத்தில் பக்கத்துக் கன்டெய்னரில் துணி வைத்திருந்தவர் நஷ்டஈடு வாங்க, கிளம்பும்போதே கப்பல் தகுதியாக இல்லை என்றோ லைனே தவறு செய்தது என்றோ வழக்காட வேண்டும். பெரிய லைன்கள் பலவற்றின் பில் பின்பக்கம் குறிப்பிடுவது லண்டன் நீதிமன்றத்தை. வழக்குப் போட ஒரு வருடம்தான் கெடு. வெளியே தெரியாத சேதமாக இருந்தால் டெலிவரி எடுத்த மூன்று நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

என் கணிப்பில் லைனின் பொறுப்பைப் பாதுகாப்பு என்று எண்ணவே கூடாது. கிளைம் கொடுத்த இன்சூரன்ஸ் கம்பெனி பிறகு போய் வசூலிக்கும் இடம் அது.

ஃபார்வர்டரின் பொறுப்புக் காப்பீடு

இங்கேதான் குழப்பம் அதிகம். 1968-இல் தொடங்கிய டிடி கிளப் போன்ற பரஸ்பர அமைப்புகளும் சாதாரண இன்சூரன்ஸ் கம்பெனிகளும் லாஜிஸ்டிக்ஸ் தொழிலுக்கென்று இந்தப் பாலிசியைத் தருகின்றன. ஃபார்வர்டர் சட்டப்படி யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தால் அந்தப் பணத்தை இது கட்டும். வழக்குச் செலவையும் ஏற்கும். அந்த "சட்டப்படி" என்ற நிபந்தனையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. புயலில் கன்டெய்னர் கடலில் விழுந்தது, ஃபார்வர்டர் மேல் ஒரு தப்பும் இல்லை என்றால், இந்தப் பாலிசி கொடுத்த கம்பெனி செய்யும் முதல் வேலை, "எங்கள் ஆள் பொறுப்பில்லை" என்று வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதுவது. அது அவர்கள் கடமை, ஃபார்வர்டரைக் காப்பாற்றத்தானே பிரீமியம் வாங்கினார்கள். தன் ஃபார்வர்டர் இன்சூரன்ஸ் வைத்திருக்கிறார் என்று நிம்மதியாக இருக்கும் ஏற்றுமதியாளருக்கு இது தெரிவதே இல்லை.

ஃபார்வர்டர் பக்கமிருந்து பார்த்தால் இது இல்லாமல் தொழிலே செய்யக்கூடாது. ஏஜென்டாக மட்டும் நின்றால் தன் கவனக்குறைவுக்குத்தான் பொறுப்பு. சொந்தமாக ஹவுஸ் பில், அதாவது தன் பெயரிலேயே பில் ஆஃப் லேடிங், எழுதிவிட்டால், வாடிக்கையாளருக்கு அவரே கேரியர், சரக்கைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பாளர். ஷிப்பிங் லைன் செய்த தப்புக்கும் முதலில் பதில் சொல்வது அவர்தான். ஃபார்வர்டர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபியாட்டாவின் மல்டிமோடல் பில்லில் வாடிக்கையாளருக்கு ஒன்பது மாதக் கெடு வைத்திருப்பது இதற்காகவே. அதன் பிறகு லைன்மேல் பாய ஃபார்வர்டருக்கு மூன்று மாதம் மிச்சமிருக்கும்.

இந்தப் பாலிசி மட்டுமே காப்பாற்றும் இடங்களும் உண்டு. மைனஸ் 18 டிகிரியில் போக வேண்டிய தூத்துக்குடி இறாலுக்கு பிளஸ் 18 என்று புக்கிங்கில் அடித்துவிடுவது, ஹாம்பர்க் சரக்கை வேறு ஊருக்கு அனுப்புவது, சுங்கத் தாக்கலில் தப்பு செய்து அபராதம் வாங்குவது எல்லாம் தொழிலில் நடக்கிறவை. ஆனால் ஒரிஜினல் பில் வாங்காமல் சரக்கை விடுவித்தால், பல பாலிசிகள் அதை விலக்கி வைத்திருக்கும் அல்லது கடுமையான நிபந்தனை போட்டிருக்கும். முழு மதிப்பும் கேட்கப்படுகிற தவறு அதுதான் என்பதால், பாலிசி வாங்கும்போது முதலில் படிக்க வேண்டிய பக்கமும் அதுதான்.

கார்கோ இன்சூரன்ஸ்: ஏ, பி, சி

சரக்கின் சொந்தக்காரருக்காக எழுதப்பட்டது இது ஒன்றுதான். தப்பு யாருடையது என்று இங்கே நிரூபிக்க வேண்டாம். லண்டன் சந்தை வகுத்த இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸ் (Clauses, பாலிசி நிபந்தனைத் தொகுப்பு)தான் உலக வழக்கம், இப்போது நடப்பது 2009 பதிப்பு. ஏ என்பது விலக்கியவை தவிர எல்லாம். பி, சி இரண்டும் பட்டியலிட்டவை மட்டும்.

சி-யில் தீ, வெடிப்பு, கப்பல் தரைதட்டல், மூழ்கல், மோதல், லாரி கவிழ்தல் போன்ற பெரிய விபத்துகள் உண்டு. பி-யில் கூடுதலாக நிலநடுக்கம், இடி, அலை அடித்துச் சரக்கைக் கடலுக்குள் கொண்டுபோவது, கடல்நீர் உள்ளே புகுவது, ஏற்றி இறக்கும்போது பெட்டி முழுசாக விழுந்து போவது சேரும். 2020 நவம்பர் 30 அன்று பசிபிக் கடலில் ஒன் ஆபஸ் கப்பலிலிருந்து 1,800-க்கும் மேற்பட்ட கன்டெய்னர்கள் விழுந்தன. அந்த மாதிரிச் சம்பவத்தில் ஏ-யும் பி-யும் கொடுக்கும். சி-யில் மட்டும் எடுத்தவருக்கு, கப்பல் மூழ்கவில்லை, எரியவில்லை என்பதால் கதவு மூடிக்கொள்ளும்.

திருட்டு ஏ-யில் மட்டும்தான். கன்டெய்னர் கூரை ஓட்டையில் மழைநீர் இறங்கினால் பி-கூட உதவாது, அங்கே எழுதியிருப்பது கடல், ஏரி, ஆற்று நீர் மட்டுமே. நம் ஊர் ஆடை ஏற்றுமதியில் வரும் கிளைம்களை நினைத்துப் பாருங்கள். நனைந்த பெட்டி, வழியில் குறைந்த பெட்டி. இரண்டுக்கும் ஏ தேவை. பிரீமியம் சரக்கு மதிப்பில் ஒரு சதவீதத்துக்கும் கீழே நிற்கிற இடத்தில், ஏ-யிலிருந்து சி-க்கு இறங்கி மிச்சம் பிடிப்பது சரியான சிக்கனம் என்று எனக்குத் தோன்றவில்லை. பழைய இரும்பு, மொத்தமாகக் கொட்டி ஏற்றும் தாது போன்றவற்றுக்கு சி போதும்.

ஏ என்றால் எல்லாம் என்று நினைத்துவிடவும் கூடாது. பொருளின் இயல்பான கேடு, போதாத பேக்கிங், தாமதம் மூன்றும் விலக்கு. போரும் வேலைநிறுத்தமும் தனி கிளாஸ், கேட்டுச் சேர்க்க வேண்டும். போர் கிளாஸ் சரக்கு கப்பலில் இருக்கும்போதுதான் செல்லும், கப்பல் மாற்றும் துறைமுகத்தில் 15 நாள் வரை நீளும். உறைந்த உணவுக்கும் தனி கிளாஸ். அதன் வழக்கமான வடிவில் குளிர்பதன இயந்திரம் தொடர்ந்து 24 மணி நேரம் நின்றால்தான் கிளைம். இறால் அனுப்புபவர் அந்த 24-ஐக் குறைக்க முடியுமா என்று பேரம் பேச வேண்டும்.

ஜெனரல் ஆவரேஜ் வந்தால்

தன் பெட்டிக்கு ஒரு கீறலும் இல்லாமல் காசு கட்ட வேண்டிவரும் இடம் இது. கப்பலையும் சரக்கையும் காப்பாற்றச் செய்த செலவை எல்லோரும் மதிப்புக்கேற்பப் பங்கிட வேண்டும் என்பது பழைய கடல் வழக்கம். 2018 மார்ச்சில் அரபிக்கடலில் மெர்ஸ்க் ஹோனம் எரிந்து ஐந்து மாலுமிகள் இறந்தார்கள். தப்பிய சரக்கை விடுவிக்க, மீட்புப் பணிக்கு 42.5 சதவீதம், ஜெனரல் ஆவரேஜுக்கு 11.5 சதவீதம், ஆக மதிப்பில் 54 சதவீதத்துக்குப் பிணை கேட்டார்கள். நம் 80,000 டாலர் ஆடைக்கு அது 43,200 டாலர். 2021 மார்ச்சில் சூயஸில் சிக்கிய எவர் கிவனிலும் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார்கள்.

இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி ஒரு உத்தரவாதக் கடிதம் கொடுத்துவிடும், பெட்டி வெளியே வரும். இல்லாதவர் ரொக்கமோ வங்கி உத்தரவாதமோ புரட்ட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் சி-யும் ஏ-யும் சமம், சி-யிலும் இது உண்டு. பல பேர் சரக்கை ஒரே கன்டெய்னரில் சேர்த்து அனுப்பும் ஃபார்வர்டருக்கு இங்கே தனித் தலைவலி: இன்சூரன்ஸ் இல்லாத ஒரு வாடிக்கையாளர் பிணை தராவிட்டால், மற்றவர்கள் கொடுத்திருந்தும் அந்தக் கன்டெய்னர் நகராது.

மூன்றும் கைவிரிக்கும் இடம்

2023 நவம்பரில் செங்கடலில் ஏமனின் ஹூதி படையினர் கேலக்ஸி லீடர் கப்பலைக் கைப்பற்றியதிலிருந்து தொடங்கிய தாக்குதல்களால் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. ஐரோப்பாவுக்கு இரண்டு வாரம்வரை கூடுதல். சீசன் தவறிய ஆடைக்குப் பையர் தள்ளுபடி கேட்டால், லைன் தராது, ஃபார்வர்டர் பாலிசி தராது, கார்கோ பாலிசியும் தாமதம் என்று விலக்கிவிடும். இது இன்சூரன்ஸில் தீர்க்கக்கூடிய ரிஸ்க் இல்லை. பையரோடு போடும் ஒப்பந்தத்தில், வழி மாறினால் டெலிவரி தேதி நீளும் என்று எழுதி வாங்கினால்தான் உண்டு.

எதை எப்படி வாங்குவது

ஃபார்வர்டர்கள் அடிக்கடி நினைப்பது, வாடிக்கையாளர் கார்கோ பாலிசி எடுத்துவிட்டால் தாங்கள் தப்பித்தோம் என்று. அப்படியில்லை. கிளைம் கொடுத்த கம்பெனி, 1963-ஆம் ஆண்டு கடல்சார் காப்பீட்டுச் சட்டப்படி வாடிக்கையாளரின் இடத்தில் நின்று ஃபார்வர்டர்மேலேயே வழக்குப் போடலாம். அதனால் என் வரிசை இதுதான்: வாடிக்கையாளருக்கு ஏ கிளாஸ் கார்கோ கவர், ஃபார்வர்டருக்குப் பொறுப்புக் காப்பீடு, இரண்டும் வேண்டும். கொட்டேஷனிலேயே கார்கோ இன்சூரன்ஸை ஒரு வரியாகப் போட்டு, வேண்டாம் என்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. இந்தியாவில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் உரிமம் இல்லாமல் இன்சூரன்ஸ் விற்கக்கூடாது என்பதால் அதை ஒரு தரகர் வழியாகச் செய்ய வேண்டும்.

எஃப்ஓபியில், அதாவது கப்பலில் ஏற்றித் தருவதோடு தன் பொறுப்பு முடியும் விலையில், விற்கும் திருப்பூர்க்காரர்கள் பையரின் பாலிசியை நம்பியிருப்பார்கள். சரக்கு கப்பலில் ஏறும்வரை ரிஸ்க் விற்பவருடையது. ஃபேக்டரியிலிருந்து தூத்துக்குடிவரைக்கும் துறைமுகக் கிடங்கில் கிடக்கும் நாட்களுக்கும் தன் பெயரில் கவர் வேண்டும். கப்பல் கட்டணத்தையும் இன்சூரன்ஸையும் விற்பவரே பார்த்துக்கொள்ளும் சிஐஎஃப்பில் இறக்குமதி செய்பவருக்கு வேறு பொறி. சர்வதேச வணிக விதிகளான இன்கோடெர்ம்ஸ் 2020-இன்படி சிஐஎஃப்பில் விற்பவர் சி கிளாஸ் எடுத்தாலே போதும், அதைப் போன்ற இன்னொரு முறையான சிஐபியில்தான் ஏ கட்டாயம். சீனாவிலிருந்து இயந்திரம் வாங்குபவர் எஃப்ஓபியில் வாங்கி, இங்கேயே ஏ கிளாஸில் இன்சூர் செய்தால் கிளைமுக்கு ஷாங்காயோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

மாதத்துக்கு ஒன்றிரண்டு ஷிப்மென்ட் என்றால் தனித்தனிப் பாலிசி போதும். அதற்கு மேலே போனால் வருடாந்திர ஓபன் கவர்தான் சரி. ஒவ்வொரு ஷிப்மென்டையும் விடாமல் டிக்ளேர் செய்ய வேண்டும், பாதுகாப்பான வழியில் போவதை மறைத்து, ஆபத்தான வழியை மட்டும் டிக்ளேர் செய்தால் கவரே கேள்விக்குள்ளாகும். முன்பணமாகக் கட்டிய பிரீமியம் டெபாசிட்டில் இருப்பு எவ்வளவு என்று ஒவ்வொரு ஷிப்மென்டுக்கு முன்னாலும் பாருங்கள். பிரீமியம் கைக்கு வராமல் ரிஸ்க் ஏற்கக்கூடாது என்பது இந்தியக் காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு. டெபாசிட் தீர்ந்த பிறகு ஏறிய சரக்குக்குக் கம்பெனி கிளைமை மறுக்க அது ஒன்றே போதும்.